கதவுப் பக்கம் ஒரு விரற்கடை

பூர்ணிமா எழுந்ததும் ஒப்பாரி பாதியில் நின்றுபோனது. காலையிலிருந்து பழமலைநாதனின் தலைமாட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தவள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனின் கால்மாட்டைச் சுற்றி வாசலுக்கு நடந்தாள்.

“ஏ பூர்ணிமா, எங்க கெளம்பிட்ட?” என்றாள் நாத்தனார் ராஜம்மாள்.

“கடைக்கு அண்ணி. வெண்பா தனியா கெடந்து அல்லாடுது. அவரு படத்த ஓட்டிக் குடுத்துட்டு வந்துடுறேன்.”

“நல்லாருக்குது போ. மூணு மணிக்கு எடுக்கணும். பொணத்த வுட்டுட்டுக் கடைக்குப் போனான்னு ஊரு பேசாது?”

“பேசட்டும். கோணப் படத்த முன்னாடி புடிச்சிக்கிட்டு அவர அனுப்ப மாட்டேன்.”

வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். விருத்தாசலத்தில் பாதிப் பேரின் சிரிப்பு அந்தக் கடையில் அச்சாகி வந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பீங்கான் கம்பெனிக்காரர்களின் பொம்மைக் கண்காட்சி, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பழமலைநாதன்தான். பெரிய படங்களின்மேல் பளபளவென்று பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிற லேமினேஷன் மெஷின் அங்கே ஐந்தடி அகலத்துக்கு நின்றது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். முன்னால் நிற்பவர் படத்தை ரோலருக்குள் நேராக விட வேண்டும், பின்னால் நிற்பவர் வெளியே வருவதை ஏந்திப் பிடிக்க வேண்டும். முன்னால் ஒரு நூல் பிசகினால் பின்னால் ஒரு சாண் சுருங்கிப்போகும்.

பத்தொன்பது வருஷமாக முன்னால் அவர், பின்னால் இவள். சண்டை போட்ட நாட்களிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே படத்தின் இரண்டு முனையில் நிற்பார்கள். படம் ஒழுங்காக வந்துவிட்டால் சண்டையும் அதோடு முடிந்துவிடும்.

உள்ளே வெண்பா மூக்கு சிவக்க நின்றிருந்தாள். சென்னையில் வேலை பார்க்கிற மகள், விடியற்காலை ரயிலில்தான் வந்து சேர்ந்தாள். மேசைமேல் மூன்றடி உயரத்தில் அவள் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே பிரிண்டுதாம்மா இருக்குது. இங்க்கு தீந்துபோச்சு. இது வீணாப்போனா வேற இல்ல.”

“மொதல்ல வேஸ்ட் தாள வுட்டுப் பாரு. நா பின்னாடி நிக்கிறேன்.”

வெண்பா ஸ்கேல் வைத்து நேராகத்தான் விட்டாள். ஒரு முழம் தாண்டியதும் தாள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, ஓரத்தில் சுருக்கம் விழுந்தது.

“அது அப்படித்தான். இந்த மெஷினு ஜன்னல் பக்கம் இழுக்கும். அதுக்குத்தான் அப்பா கதவுப் பக்கம் ஒரு விரக்கடை தள்ளி மஞ்ச டேப்பு ஒட்டியிருக்காரு. அதப் பாத்து வையி.”

அதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து ராஜம்மாளின் குரல் வந்தது. “பூர்ணிமா, சேத்தியாத்தோப்புலேந்து ஒங்க அண்ணன் வந்துட்டாங்க!”

பூர்ணிமா போய் அண்ணன் தோளில் சாய்ந்து அழுதுவிட்டுத் திரும்பினாள். அந்த இடைவெளியில் வெண்பா இன்னொரு வேஸ்ட் தாளைத் தனியாகவே ஓட்டியிருந்தாள்.

“அம்மா, மெஷினு எங்கயும் இழுக்கல. டேப்ப பாக்கவே இல்ல, நேராத்தான் வுட்டேன். பாரு.”

பூர்ணிமா பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் வந்திருந்தது.

“இன்னொண்ணு வுடு,” என்று மறுபடி பின்னால் போய் நின்றாள். தாள் ஜன்னல் பக்கம் ஒதுங்கியது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் மழையில் வண்டி சறுக்கி வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுசாக மூடவில்லை. அன்றிலிருந்து எதையும் இறுக்கிப் பிடிப்பது இடது கைதான். மெஷினுக்குப் பின்னால் நின்றால் அந்தக் கை ஜன்னல் பக்கம்.

அவள் கடைக்குத் திரும்பி வந்த வாரம் படமெல்லாம் கோணிக்கொண்டு போனது. “என் கையாலதான?” என்று கேட்டாள். “அட போடி, மெஷினுக்கு வயசாயிடுச்சு,” என்றார் பழமலைநாதன். மறுநாள் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. மெஷின் விற்றவனைப் போனில் பிடித்து, அவள் காதுபட அரை மணி நேரம் திட்டித் தீர்த்தார். எதிர்முனையில் ஆள் இருந்தானோ இல்லையோ, யார் கண்டது?

ஏழு வருஷமும் அவள் அந்த மெஷினைத்தான் வைதுகொண்டிருந்தாள். “பாவி மனுஷா,” என்றாள், படத்தைப் பார்த்து.

“நீ போயி அப்பாகிட்ட ஒக்காரும்மா. நா தனியாவே ஓட்டிக்கிறேன்.” வெண்பா டேப்பின் முனையை நகத்தால் கிளப்பப் போனாள்.

“அத எடுக்காத.”

வெண்பா நிமிர்ந்தாள்.

“டேப்பு மேலயே வையி. நா புடிக்கிறேன்.”

“கோணிச்சுன்னா வேற படம் இல்லம்மா.”

“கோணாது. வையி.”

மோட்டார் முனகியது. பூர்ணிமா எப்போதும் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். இடது கை இறுக்கமாக, வலது கை பேருக்கு. ரோலருக்கு அடியிலிருந்து முதலில் நரைத்த முடி வந்தது, அப்புறம் நெற்றி, அப்புறம் சிரிக்கிற கண்.

“நேரமாச்சு, வாங்கடி!” என்று சுவருக்கு அப்பால் ராஜம்மாள் கூப்பிட்டாள்.

பூர்ணிமா குனிந்து படத்தின் ஓரங்களைப் பார்த்தாள். ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் வெள்ளை ஒரே அளவில் இருந்தது.