வாக்கும் நாணயமும்

நான்காம் வார்டு தேர்தலில் இரண்டு பேருக்கும் முந்நூற்றுப் பதினெட்டு வாக்குகள் சமமாக விழுந்ததால், யார் கவுன்சிலர் என்று முடிவு செய்ய அதிகாரி சுண்டிவிட்ட நாணயம் கீழே வரவில்லை. நகராட்சி அலுவலகக் கூடத்தில், கையை உயர்த்தினால் எட்டாத உயரத்தில், அது சுழன்றுகொண்டே நின்றுவிட்டது. அதிகாரி கால் மணி நேரம் உள்ளங்கையை நீட்டியபடி காத்திருந்தார். பிறகு கை வலிக்கவே, முடிவு நிலுவையில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

போட்டியிட்டவர்களில் குடைச் சின்னம் வெல்டருடையது, சீப்புச் சின்னம் அச்சகக்காரருடையது. வெல்டர், அச்சகக்காரரின் தங்கையைக் கட்டியவர். மச்சான் மச்சான் என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள், புதுச் சாக்கடை எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்ற பேச்சில் முறுக்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு அணி சேர்ந்தது. குடைக்காரர்கள் தலை வாராமல் திரிந்தார்கள், சீப்புக்காரர்கள் மழையில் நனைந்தார்கள். கொள்கை என்று வந்துவிட்டால் எங்கள் ஊர் அப்படித்தான்.

எண்ணிக்கையில் ஒரே ஒரு செல்லாத வாக்கு இருந்தது. முத்திரை குடையிலும் இல்லாமல் சீப்பிலும் இல்லாமல், நடுவிலிருந்த கோட்டின் மேல் விழுந்திருந்தது. மை எந்தப் பக்கம் கூடுதல் என்று ஏஜெண்டுகள் சண்டை பிடித்ததில் அதிகாரி அளவுகோல் வைத்துப் பார்த்தார். முடியளவுகூட இப்படி அப்படி இல்லை. அதைக் குத்தியது யார் என்று யாருக்கும் தெரியாது, வெல்டரின் மனைவியைத் தவிர. என் வாக்கு உங்களுக்குத்தான் என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். அண்ணன் வந்து கேட்டபோது அவரிடமும் அதையே சொன்னாள். கொடுப்பதற்கும் போடுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன். அவள் எந்தப் பக்கம் குத்தியிருந்தாலும் விவகாரம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

தான் இல்லாத நேரம் பார்த்து நாணயம் விழுந்து, எதிராளி அதைப் புரட்டி வைத்துவிட்டால் என்ன செய்வது என்று இருவரும் கூடத்திலேயே குடியேறினார்கள். பட்டறையையும் அச்சகத்தையும் வேலையாட்கள் பார்த்துக்கொண்டார்கள். எதிரெதிர்ச் சுவரோரம் ஆளுக்கொரு பெஞ்சு. நாணயத்தில் இடிக்கும் என்று மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். சுழற்சியிலிருந்து மெல்லிய காற்று வருவதைக் கண்டுபிடித்த பிறப்புச் சான்றிதழ் எழுத்தர், தன் மேசையை அதன் அடியில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். இப்படியே நான்கு வருடங்கள் போயின.

அவள் தினமும் மதியம் இரண்டு டிபன் கேரியர்களோடு வருவாள். இன்றைக்கு வலது கையில் வந்தது நாளைக்கு இடது கையில் வரும், யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது. இருவரும் வாய் நிறைய மென்றபடி, அந்த நடுக்கோட்டு முட்டாள் மட்டும் கையில் கிடைத்தால் என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. அவள் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். உண்மை வெளியே வந்தால் இரண்டு வீட்டில் ஒன்று தனக்கு இல்லாமல் போகும், எது என்றுகூடத் தெரியாது என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். கவுன்சிலர் இல்லாத வார்டு, இவளோ தினமும் அலுவலகம் போகிறவள் என்பதால் தெருக்காரர்கள் மனுக்களை அவளிடம் கொடுத்தார்கள். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள். தெருவிளக்கு வந்தது, குழாய் வந்தது. புதுச் சாக்கடை மட்டும் வரவில்லை, அதைப் பற்றிப் பேசவே எல்லோருக்கும் பயம்.

ஐந்தாம் வருட மழையில் சாக்கடைத் தண்ணீர் எந்த அணி என்று பார்க்காமல் இரண்டு வீட்டுக்குள்ளும் புகுந்தது. அன்றைக்கு அவள் முழங்கால் வரை சேறும் வெறுங்கையுமாக வந்து, இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்றாள். சாப்பாடு எங்கே என்று இருவரும் கேட்டார்கள்.

"அடுப்புல சாக்கடைத் தண்ணி நிக்குது," என்றாள். "அந்தச் செல்லாத வாக்கு என்னோடதுதான். ரெண்டு பேருக்கும் வாக்கு குடுத்துட்டேன். கையில இருந்தது ஒண்ணுதானே."

வெல்டர் மச்சானைப் பார்த்தார். அச்சகக்காரர் தங்கை பக்கம் திரும்பினார்.

"அஞ்சு வருஷமா உன்னையா திட்டிக்கிட்டிருந்தோம்?"

"பரிமாறிக்கிட்டேதான் கேட்டேன், அண்ணே."

வெல்டர் எழுந்து, வாசலில் துப்புரவுப் பணியாளர் சாத்தி வைத்திருந்த மண்வெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். இன்னொன்றை மச்சானிடம் நீட்டினார். இருவரும் மேலே பார்க்காமல் வெளியே போனார்கள். இருட்டும் வரை பழைய சாக்கடையின் அடைப்பை வெட்டி எடுத்தார்கள். அழுதார்களா என்று சொல்ல முடியாது, மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த தேர்தலில் இருவருமே நிற்கவில்லை. தெருக்காரர்கள் அவள் பெயரில் வேட்புமனு போட்டார்கள், எதிர்த்து யாரும் போடாததால் வாக்குப்பதிவுக்கே வேலை இல்லாமல் போனது. மச்சான்கள் இருவரும் பழக்கதோஷத்தில் இன்னும் மதியம் கூடத்துக்கு வருகிறார்கள், ஆனால் உட்காருவது ஒரே பெஞ்சில். அவளும் ஒரே கேரியர்தான் கொண்டுவருகிறாள். முதல் வாரம் இன்னொரு கை சும்மா இருந்ததில் நடையே தடுமாறியது, பிறகு மனுக்களை அதில் பிடித்துக்கொண்டாள். நாணயம் மேலே சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. மின்விசிறியைத் திரும்ப மாட்டட்டுமா என்று எலக்ட்ரீஷியன் வந்து கேட்டதற்கு, இந்தக் காற்றே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.