மொட்டைத்தலையில் ஒரு கசிவு

பாண்டீஸ்வரன் படிகாரத்தை வைத்துத் தேய்த்தான். டீத்தூளை அப்பினான். காகிதத்தைக் கிழித்து ஒட்டினான். செல்வக்குமாரின் பாதி மொட்டையில் இருந்தது கடுகளவுக் கீறல்தான். ரத்தம் நிற்கவில்லை.

"ஏலே, இத்தனை வருசம் கத்தி பிடிக்கிறேன். இப்படி ஊத்துற தலையை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"ஆயிரம் அடி போரு போட்டாலும் புழுதி பறக்குற ஊருல, உனக்கு மட்டும் அரை நூல் ஆழத்துல ஊத்து கிடைச்சிருச்சு பாரு!" என்றார் செல்வக்குமார்.

அவர் பந்தல்குடியில் போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவர். காரணம் தெரியாத கசிவு அவருக்கு ஆகாது. முன்வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா ரத்தினம் கிடந்தார். விடியலில் தூக்கத்திலேயே போயிருந்தார். கொள்ளி வைக்க வேண்டிய மகன் இங்கே தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதுரையில் அவருக்கு இதய ஆபரேஷன். தேதியைத் தள்ளிப்போட மனமில்லாமல், தகனம் முடிந்ததும் கிளம்பப் பை கட்டி வைத்திருந்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்கத் தின்னும் மாத்திரையைப் புதன்கிழமையே நிறுத்தச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் விளக்கிய விதம் செல்வக்குமாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. குழாயில் ஓட்டை விழுந்தால் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கும். மாத்திரை அவற்றை மரத்துப்போக வைத்துவிடும். மரத்தது திரும்பாது, புதிது பிறந்து நிறைய ஐந்து நாளாகும். அதற்குள் நெஞ்சைத் திறந்தால் தையலுக்குத் தையல் கசியும். எத்தனை பாட்டில் ஏற்றினாலும் ஓட்டைக் குடம்தான்.

புதனோடு நிறுத்தி ஐந்து நாளாயிற்று. பிறகு ஏன் நிற்கவில்லை? தலையே இப்படியென்றால் நாளைக்கு நெஞ்சு?

"மாத்திரையை நிறுத்துனீகளா, இல்லையா?" என்றாள் மனைவி குருவம்மாள்.

"உம்மேல சத்தியமா."

"எம்மேல எதுக்கு? உங்க தலையிலதான ஊத்துது."

இறந்தவர் வாயில் வைக்கக் கடைசி வெற்றிலை இடிக்க வேண்டும். மாமனாரின் பித்தளை உரலை எடுக்கப் போனவள், உரலோடு திரும்பி வந்தாள்.

"இங்க பாருங்க."

அடியில் வெள்ளைப் பொடி. ஓரத்தில் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் துணுக்கு.

செல்வக்குமார் பொடியை நாக்கில் வைத்தார். கசப்பு. நான்கு நாள் காலைக் காப்பியின் அதே கசப்பு. ஆயுளில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாத அப்பா, அந்த நான்கு நாளும் அடுப்படியைப் பிடித்துக்கொண்டு தானே காப்பி போட்டார். "கசக்குதேப்பா" என்றதற்கு, "சிக்கரி கூடிப்போச்சு, குடிலே" என்று கடைசிச் சொட்டு வரை எதிரிலேயே நின்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் செல்வக்குமாரின் அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது டாக்டர் அப்பாவிடம், "ஒருநாள் விட்டாலும் அடைச்சிக்கும், நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லியிருந்தார். மகனோ, மாத்திரையை ஓட்டுமேலே எறிகிற ஆள். புதன்கிழமை "நிறுத்தச் சொல்லிட்டாகப்பா" என்றபோது, சின்ன வயதில் 'இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவு' என்று சொன்னால் நம்பாமல் பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார்.

"பெரியவரு எமகாதகருப்பா!" என்று சிரித்துவிட்டான் பாண்டீஸ்வரன். பறையடிப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வக்குமார் டாக்டருக்கு போன் போட்டார்.

"நேத்துக் காலையிலயும் குடிச்சீங்களா? அப்ப நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். நேத்துல இருந்து அஞ்சு நாள் போகட்டும், ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டுத்தான் கத்தியைத் தொடுவேன். தலையில என்ன போட்டிருக்கீங்க?"

"டீத்தூளு."

"ஆத்தி குடிக்கவா? கழுவிட்டு, சுத்தமான துணியை வச்சு அழுத்துங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, ஒட்டுனது பிஞ்சிரும்."

மீதித் தலைமுடியைப் பாண்டீஸ்வரன் மிஷினால் எடுத்தான். குருவம்மாள் உரலை மூன்று தடவை கழுவி, வெற்றிலை இடித்து, மாமனாரின் வாயில் வைத்தாள்.

"இதுல ஒண்ணும் கலக்கலை மாமா."

பாடை கிளம்பியது. ஒரு கையில் தீச்சட்டி, மறு கையால் தலையில் துணியை அழுத்தியபடி முன்னால் நடந்தார் செல்வக்குமார். பார்க்கக் கை துறுதுறுத்தது, பார்க்கவில்லை. சுடுகாட்டில் சட்டியை இறக்கிவைத்த பிறகே துணியை எடுத்தார்.

எடுத்துப் பார்க்காமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் நிற்கும். நின்றிருந்தது.