குதிகால் கோடு

கால்பந்துக் குழுவில் அவனை எல்லாரும் பெஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாவது கோல்கீப்பர். வருஷக்கணக்காக மைதான ஓரப் பெஞ்சை உட்கார்ந்து தேய்த்ததற்குக் கிடைத்த பட்டம். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். வேறு என்ன செய்வது?

ஆட்டத்துக்கு முன்னால் அவனுக்கென்று ஒரு வேலை உண்டு. இரண்டு கம்பங்களுக்கும் சரிநடுவில் நின்று, பூட்ஸ் குதிகாலால் புல்லைக் கீறி முன்பக்கமாக ஒரு கோடு இழுப்பான். கீப்பருக்கு முதுகில் கண் கிடையாதே! பந்து வரும்போது திரும்பிக் கம்பத்தைத் தேட முடியுமா? கோட்டில் கால் வைத்தால் நடுவில் நிற்கிறோம் என்று அர்த்தம். "அண்ணே போட்ட கோடுன்னா கண்ண மூடிக்கிட்டு நிக்கலாம்" என்பான் முதல் கீப்பர். வயதில் சின்னவன், கெட்டிக்காரன். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் பெஞ்சு காலத்தை ஓட்டினான்.

அன்றைக்கு முதல் கீப்பருக்குக் காய்ச்சல். உடை மாற்றும் அறையில் கோச் பட்டென்று போட்டு உடைத்தார். "இன்னிக்கு நீதான். நல்லா ஆடுனா அடுத்த வருஷமும் இருப்பே. இல்லேன்னா எங்கிட்ட வந்து நிக்காதே."

மனைவிக்குப் போன் போட்டான். "நெசமாவா? ஆடப் போறீங்களா, இல்ல இடம் மாத்தி உக்காரப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தவள், மகளை இழுத்துக்கொண்டு அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். அப்பா உட்கார்ந்திருப்பதை மட்டுமே பார்த்த பிள்ளை அது.

முதல் பாதியில் மனுஷன் வெளுத்து வாங்கிவிட்டான். மூலைக்குப் போன பந்தை விரல்நுனியால் தட்டிவிட்டபோது மகள் போட்ட கூச்சல் அவன் காதுவரை வந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். கையுறைப் பட்டையை இறுக்கிக்கொண்டே போனான். குதிகால் தானாகக் கோட்டைத் தேடியது. கோடு இருந்தது. கால் வைத்தான். இடப்பக்கம் சேறாகக் குழி விழுந்திருந்தது. நல்லவேளை, நடுவில் இல்லை என்றுகூட நினைத்துக்கொண்டான்.

அட பாவி மனுஷா, அது உன் கோடா? எதிரணிக் கீப்பர் போட்டது! குழி இருந்த இடம்தான் நடு. சேற்றுக்குப் பயந்து அந்தக் கீப்பர் ஓர் எட்டு வலப்பக்கம் தள்ளிக் கோடு போட்டு ஆடியிருந்தான். பக்கம் மாறி ஆடிப் பழகிய எவனும் முதலில் கம்பங்களைத் திரும்பிப் பார்த்து, பழைய கோட்டை அழித்துவிட்டுத் தன் கோட்டைப் போடுவான். பெஞ்சு பக்கம் மாறி எத்தனை காலமாயிற்று! இத்தனை வருஷமாக அவன் கண்ட கோடெல்லாம் அவனே போட்டதுதான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இடப்பக்கமாக ஒரு பந்து வந்தது. தடுப்பாட்டக்காரன் அடித்து விரட்டக் காலைத் தூக்கினான். பெஞ்சு கோட்டிலிருந்து மனசுக்குள் கம்பத்தை அளந்தான். வெளியே போகிற பந்து. தொட்டால்தான் வம்பு.

"விடு! விடு! வெளிய போவுது!"

தடுப்பாட்டக்காரன் காலை இழுத்துக்கொண்டான். பந்து கம்பத்தில் உரசக்கூடச் செய்யாமல் உள்ளே போனது.

"நீதானேய்யா விடச் சொன்னே!" என்று தடுப்பாட்டக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். அப்போதுதான் பெஞ்சு திரும்பிப் பார்த்தான். இடது கம்பம் எங்கோ இருந்தது. அந்தச் சேற்றுக்குள்ளேயே புதைந்துபோனால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் கேட்டாள்: "நீங்கதான் விடச் சொன்னீங்களாப்பா?"

"சும்மா வாடி" என்று மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆமாம்மா, நான்தான்" என்றான்.

அடுத்த வருஷம் வேண்டாம் என்று கோச் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு மட்டும் வரச் சொன்னார். போனான். கம்பத்துக்குக் கம்பம் நடந்து அளந்து, திரும்பவும் அளந்து, கோடு போட்டான்.

காய்ச்சல் தெளிந்து வந்த முதல் கீப்பர் அவன் தோளைத் தட்டினான். "மனசுல வச்சிக்காதீங்கண்ணே. யாருக்கும் நடக்கறதுதான்."

சொல்லிவிட்டுக் கோட்டில் போய் நின்றான். திரும்பி இடது கம்பத்தைப் பார்த்தான். வலது கம்பத்தைப் பார்த்தான். பிறகு கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டுத் தானே ஒன்று போட்டுக்கொண்டான்.

அது பெஞ்சு போட்ட அதே இடத்தில்தான் விழுந்தது. பெஞ்சு போய் உட்கார்ந்துகொண்டான்.