ஒரே மாதிரி நான்கு கோப்பைகள்

சில விவரங்கள் எனக்குத் தப்பாக நினைவிருக்கலாம். அன்று ஞாயிற்றுக்கிழமைதானா, வெளியே மழை தூறியதா என்று யாராவது மறுத்துப் பேசினால் வாதாட மாட்டேன். ஆனால் தையல்காரி ஒரு தட்டின் பின்னாலேயே ஓடினாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவளுடைய அக்காவுக்கு வேலையில் உயர்வு. அக்காவும் அக்கா கணவரும் மதியமே ஒயின் பாட்டிலோடு வந்துவிட்டார்கள். ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் கலந்து, ஐஸ் போட்டு, அந்த நுரைக்கிற ஒயினை மேலே ஊற்றித் தர வேண்டுமாம். தையல்காரியின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் குடியை விடுவதற்கு மாத்திரை போடுவது வந்தவர்களுக்குத் தெரியாது. அது உடம்பில் இருக்கும்போது ஒரு மடக்கு இறங்கினாலும் மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"எனக்கு மட்டும் சோடா ஊத்திடு. பாக்க ஒண்ணாத்தான் இருக்கும்," என்றான் மெக்கானிக், சமையலறை வாசலில் நின்று. "அவங்ககிட்ட மூச்சு விட்றாத. சகலை வாயில விழுந்தா அப்புறம் நான் தலைகாட்ட முடியாது."

ஒயின் ஊற்றிய மூன்று கோப்பைகளின் விளிம்பில் ஆரஞ்சு வில்லை செருகினாள். சோடாவுக்கு எலுமிச்சை வில்லை. காய்ந்த துணி எடுக்கப் பால்கனிக்குப் போய்த் திரும்பினாள். நான்கிலும் ஆரஞ்சு.

"ஒண்ணு மட்டும் ஒட்டாம நின்னுச்சுடி. அதான் மாத்தி, அழகா அடுக்கி வச்சேன்," என்ற அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மோந்து பார்க்கலாமென்றால், ஜலதோஷத்தில் தையல்காரிக்கு மூக்கும் நாக்கும் செத்துக் கிடந்தன. பின்னாலேயே ஓடினாள். அவள் கூடவே வருவதைப் பார்த்த மெக்கானிக், எல்லாம் அவள் ஏற்பாடு என்று நம்பி, அக்கா நீட்டியதை வாங்கிக்கொண்டான்.

"என்ன சகலை, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? எடுத்து அடிங்க," என்றார் அக்கா கணவர்.

"அதுல ஐஸ் கம்மி. இங்க குடுங்க," என்று கையை நீட்டினாள் தையல்காரி.

"ஐஸ்தானே?" அக்கா கணவர் தன் கோப்பையிலிருந்து இரண்டு கட்டிகளை எடுத்து அதில் போட்டார். "உன் புருஷனுக்கு என் பங்கும் சேத்து."

அக்கா சிரித்தாள். மெக்கானிக்கும் சிரித்தபடியே கோப்பையை உயர்த்தினான். சொன்னால் அவன் மானம் போகும். அவனுடைய தொண்டைக்குழி அசைவதற்குத் தயாராவது அவளுக்குத் தெரிந்தது.

"குடிக்காதீங்க." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "குடிக்காதீங்க. எது சோடான்னு எனக்குத் தெரியல. குடிய நிறுத்த மாத்திரை போடறாருக்கா. ஒயின் உள்ள போனா உயிருக்கே ஆபத்து."

கோப்பை அவன் உதட்டருகே நின்றது. ஐஸ் கரைந்து சரிகிற சத்தம் கேட்டது. அக்கா கணவர் எழுந்து, அவன் விரல்களைப் பிரித்துக் கோப்பையை வாங்கினார். நான்கையும் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார்.

மெக்கானிக் பல நாள் அவளிடம் தேவைக்கு மட்டும் பேசினான். மாத்திரையை மட்டும் விடவில்லை. பிறகு டாக்டரே நிறுத்தினார். இன்னும் லிஃப்ட் வேலைக்குப் போய்வருகிறான். அக்கா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். அவள் கணவர் இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரி தன் மிஷினை வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்கு மாற்றிக்கொண்டாள்.