காற்று நின்ற ஞாயிறுகள்

எக்ஸ்ரே அக்கா மூச்சைப் பிடித்தால் ஊரில் காற்று நின்றுவிடும். கொடியில் துணி ஆடாது. புகை நேராக மேலே போகும். பட்டங்கள் கூரைகளில் விழும். அவர் மூச்சை விட்டதும் எல்லாம் பழையபடி நடக்கும். இது வெகுகாலம் யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. நாள் முழுக்க நோயாளிகளிடம் "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி, பழக்கதோஷத்தில் தானும் பிடித்துக்கொள்வார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே காற்று விட்டுவிட்டு வீசுவதை ஊர்க்காரர்கள் ஊரின் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாற்பதைத் தாண்டியபோது அவர் சின்னதைப் பெரிதாக்கிப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கினார். "எலும்பை எடுத்தது போதாதா, இப்ப எறும்பையும் எடுக்கணுமா?" என்றார் கணவர். "எறும்பு ரிப்போர்ட் எப்ப வரும்னு கேக்காதுங்க" என்றார் அக்கா. ஞாயிறு காலைகளில் ஆற்றோரப் புதர்களுக்கிடையே மண்டியிட்டுப் பூச்சிகளைப் படமெடுக்கும் கூட்டத்தில் சேர்ந்தார். பல் டாக்டர்தான் அதற்குத் தலைவர். பூச்சியைத் தொடக் கூடாது, பசையால் ஒட்டக் கூடாது, ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்யக் கூடாது என்பவை அவருடைய விதிகள். ஒரு வண்டை ஃபிரிட்ஜில் வைத்த வரி அதிகாரி கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். இன்றைக்கும் அவர் டாக்டரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அக்கா விதிகளை மீறியதில்லை. வாரம் முழுக்க உடைந்ததைப் பார்க்கிறவருக்கு, உடையாத ஒன்றை நெருங்கிப் பார்க்க அந்த ஒரு காலைதான் இருந்தது.

கூட்டம் நடத்திய அந்த வருடக் கண்காட்சிக்கு அக்கா ஒரு தும்பியின் படம் கொடுத்தார். புல் நுனியில் தும்பி, உடம்பெல்லாம் நீர்த்துளி, ஒவ்வொரு துளியும் ஊசிமுனைத் துல்லியம். டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தாலும் இப்படித்தான் வேர்க்கும்மா. நீங்க இதை எடுத்த அன்னிக்கு அடிச்ச காத்துல என் கிளினிக் போர்டு அடுத்த தெருவுல கிடந்துச்சு. உங்க புல்லு மட்டும் ஆடாம நின்னுச்சாக்கும்?"

"மூச்சைப் பிடிச்சேன், நின்னுச்சு டாக்டர். எல்லாருக்கும் அப்படித்தானே?"

கூட்டத்திலிருந்த லாரி டிரைவர் சிரித்தார். "அக்கா, நான் மூச்சைப் பிடிச்சா என் பொண்டாட்டிகூட நிக்க மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் காட்டுவதென்றும், முடியாவிட்டால் வரி அதிகாரி போன வழியே போவதென்றும் முடிவாயிற்று.

அந்த ஞாயிறு காற்று பேயாய் அடித்தது. கண்ணாடிச் சிறகுப் பூச்சி ஒன்று, ஓர் இலையின் அடியில், மயிரிழைக் காம்புகளின் நுனியில் முட்டை வைத்திருந்தது. குஞ்சு முட்டையை உடைத்து வெளியே வரும் கணத்தை டாக்டர் பல வருடங்களாகத் துரத்திக்கொண்டிருந்தார். கிடைத்ததெல்லாம் பச்சை மங்கல்தான், காம்பு அவ்வளவு ஆடும். இப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முட்டையில் கீறல் தெரிந்தது.

அக்கா கேமராவைக் கீழே வைத்துவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தார். காற்று நின்றது. ஆற்றில் அலை படுத்தது. லாரி டிரைவர் சிரிப்பை மறந்து குப்புற விழுந்து நாலு படம் எடுத்தார். மற்றவர்கள் வரிசையாய் வந்தார்கள். டாக்டர் மட்டும் ஒரு டிஷ்யூ தாளைத் தூக்கிப் பிடித்து, அது அசைகிறதா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோதித்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது.

"யோவ் டாக்டர், அந்தம்மா போய்ச் சேர்ந்துடுவாங்க. பட்டனை அமுக்குய்யா" என்று கத்தினார் டிரைவர்.

டாக்டர் மண்டியிட்டார். தாளைப் போட்டுவிட்டுக் கேமராவை எடுத்தார். முட்டை பிளந்து குஞ்சின் தலை வந்தது, பிறகு கால்கள். காம்பு கம்பிபோல நின்றது. அவர் அமுக்கினார். அக்கா மூச்சை விட்டார். ஊர்க் கதவுகள் அத்தனையும் ஒன்றாக அடித்துக்கொண்டன, டிரைவரின் தொப்பி ஆற்றுக்குப் போனது.

டாக்டர் படத்தைப் பார்த்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "காத்தை நிறுத்தக் கூடாதுன்னு நம்ம விதியில எங்கேயும் இல்ல" என்றார். தும்பியின் படத்தைக் கண்காட்சியின் வாசலில் அவரே ஆணி அடித்து மாட்டினார். தன் படத்தை அதற்கடுத்து மாட்டினார்.

பிறகு வருடங்கள் போயின. அக்காவுக்கு விக்கல் எடுத்த ஒரு வாரம் படகுகள் கரையைவிட்டுக் கிளம்பவில்லை. வெளியூரிலிருந்தும் ஆட்கள் கேமராவோடு வந்து, அக்காவுக்குப் பின்னால் வரிசையில் மண்டியிட்டார்கள். ஞாயிறு காலையில் சட்டென்று காற்று நின்றால் ஊரில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. "அக்கா குனிஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.