பைப்பில் காற்று

புரோக்கர் கூடத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல அவள் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மீன் பொரிச்சீங்களா மேடம்?”

“முந்தாநாள். ஜன்னலெல்லாம் திறந்துதான் வெச்சேன்.”

“வீடு பாக்க வர்றவங்க மொதல்ல மூக்காலதான் பாப்பாங்க. கண்ணெல்லாம் அப்புறம். விக்கிற வரைக்கும் பொரிக்கிறது, வறுக்கிறது எதுவும் வேண்டாம். அவிச்சு சாப்பிடுங்க. உடம்புக்கும் நல்லது.”

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கண்ணாடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்துப் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களிடம் “இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா” என்று நாள் முழுக்கக் கேட்பாள். கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி இரண்டு வருடம் ஆகிறது. அங்கே ஒற்றை அறையில் இருக்கிறான். ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு. சாப்பிடும் நேரத்தில் போன் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். பேச ஒன்றும் இருக்காது. இவள் மெல்லுவது அவனுக்கும் அவன் மெல்லுவது இவளுக்கும் கேட்கும். இந்த வீட்டை விற்றால்தான் அங்கே ஒரு வீடு வாங்க முடியும். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு பெரிய ஆசையாகிப் போகும் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

அதனால் புரோக்கர் சொன்னதையெல்லாம் செய்தாள். சுவர்களுக்கு வெளிர் நிறம் அடித்தாயிற்று. கல்யாணப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. “இது உங்க வீடுன்னு அவங்களுக்குத் தோணக்கூடாது மேடம், தங்களோட வீடுன்னு தோணணும்” என்பது புரோக்கரின் கட்சி. செருப்புகள், மாத்திரை டப்பா, தேய்ந்த துடைப்பம், ஓரம் கிழிந்த துண்டு எல்லாம் ஒரு பெரிய பைக்குள் போய் அலமாரியின் மேல் ஏறின. சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைக் கிண்ணம், அதில் ஆறு பச்சை ஆப்பிள். ஒரு நாள் பசி தாங்காமல் அதில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டாள். மறுநாள் வந்த புரோக்கர் வாசலில் நின்றபடியே “ஒண்ணு கொறையுதே” என்றார். சொந்த வீட்டில் திருடி மாட்டிக்கொண்டவளாக அன்று அவள் அசடு வழிய நின்றாள்.

இவ்வளவு செய்தும் முதலில் வந்த இரண்டு குடும்பமும் சமையலறை வரைக்கும் வந்துதான் திரும்பிப் போனது. “போயிட்டுச் சொல்றோம்” என்றார்கள். போனவர்கள் சொல்லவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் புரோக்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். அதையும் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

“அந்தச் சத்தத்துக்கு ஏதாச்சும் பண்ணணும் மேடம். எனக்கு ஒண்ணுமில்ல, நானும் புள்ளகுட்டிக்காரன்தான். ஆனா வாங்க வர்றவங்க பயப்படுறாங்க. ஆள் வர்ற நேரம் பாத்து அவங்கள எங்கயாச்சும் வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க. அவ்வளவு பழக்கம் இல்ல உங்களுக்கு?”

அவ்வளவு பழக்கம். அதுதான் இங்கே தொல்லையே.

சுவருக்கு அந்தப் பக்கம் தையலக்காவின் வீடு. பேன்ட்டுக்கு ஓரம் மடிக்க, ஜிப் மாற்ற என்று தெருவே அவளிடம்தான் வரும். அவளோடு இருப்பவள் அவளுடைய தங்கை. முப்பதைத் தாண்டியவள், பேச்சு வராது. வருவதெல்லாம் ஒரே ஒரு நீண்ட ஒலி. அடியில் தொடங்கி மேலே மேலே ஏறிப் போய் நிற்கும். அதனால் அக்காவே அவளுக்குக் குயில் என்று பேர் வைத்துவிட்டாள். ஊர் வைப்பதற்கு முன்னால் நாமே வைத்துவிடுவது நல்லது என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்வாள்.

குடிவந்த புதிதில் கண்ணாடியம்மா காலையில் சமையலறைக் குழாயைத் திறந்த உடனே சுவரில் மூன்று தட்டு விழும். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எரிச்சலில் கரண்டியை எடுத்து அவளும் மூன்று தட்டு தட்டினாள். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு. அப்படி வயிற்றிலிருந்து எழுந்த ஒரு சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. கோபத்தில் தட்டியவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து ஒன்பது வருடமாகத் தினமும் இவள் குழாயைத் திறப்பதும், அவள் தட்டுவதும், இவள் பதிலுக்குத் தட்டுவதும் நடக்கிறது. பதில் கிடைத்துவிட்டால் குயில் மத்தியானம் வரை நிம்மதியாக இருப்பாள். கிடைக்காவிட்டால் அழுகை. ஒருமுறை காய்ச்சலில் இவள் எழுந்திருக்கவில்லை. தையலக்கா வந்து கதவைத் தட்டி, “அவ அழுறா, அதான் உனக்கு என்னமோன்னு வந்தேன்” என்று உள்ளே வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இரண்டு நாள் இங்கும் அங்குமாக நடந்தாள்.

அந்த அக்காவிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று ஒரு வாரம் மென்று முழுங்கினாள். கடைசியில் கேட்ட நேரமும் நல்ல நேரமில்லை. வீட்டுக்கு எடுப்பாக இருக்க வெள்ளைத் திரைச்சீலை போடச் சொல்லியிருந்தார் புரோக்கர். அதைத் தைத்துக் கொடுத்ததும் தையலக்காதான். திரைச்சீலையை மடித்து இவள் கையில் வைத்தபோதுதான் வாய் திறந்தது.

“அக்கா, வீடு பாக்க ஆளுங்க வர்றப்போ…”

தையலக்கா கடித்துக்கொண்டிருந்த நூலை அறுத்துத் துப்பினாள். குயில் தரையில் உட்கார்ந்து பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எப்போ வர்றாங்கன்னு போன்ல சொல்லிடு. பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அவளுக்கும் காத்தாட இருந்தாப்ல இருக்கும்.”

“இல்லக்கா, நான் அப்படிச் சொல்ல வரல…”

“எப்படிச் சொன்னா என்னம்மா. உனக்கு வீடு விக்கணும். உன் புருஷன் அங்க தனியா கெடக்குறான். போ, திரைய மாட்டு. சுருக்கம் விழப்போகுது.”

திட்டியிருக்கலாம். ‘ஒன்பது வருஷம் பழகிட்டு இதைக் கேக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவளும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு நிமிர்ந்திருப்பாள். அக்கா அந்த வழியையும் அடைத்துவிட்டாள். திரைச்சீலையை மாட்டும்போது பார்த்தால், ஓரத்தையல் ஒன்றுகூடக் கோணாமல் இருந்தது.

அதன்பிறகு ஆள் வரும்போதெல்லாம் அக்காவும் தங்கையும் வெளியே போனார்கள். வந்தவர்கள் ஜன்னல் வழியே வெளியே பார்க்கும்போது, எதிரே பூங்கா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்பது தெரியும். இவள் திரையை இழுத்துவிடுவாள்.

ஒரு நாள் நல்ல மழை. மாலையில் வருவதாக இருந்தவர்கள் மதியமே கிளம்பிவிட்டதாகப் புரோக்கர் போன் செய்தார். “இவங்க வாங்கிடுவாங்க மேடம், நான் முகத்தப் பாத்தே சொல்லிடுவேன். விட்டுடாதீங்க.” இவள் தையலக்காவுக்குப் போன் செய்தாள்.

“மழை கொட்டுதேம்மா. அவளுக்கு வேற நெஞ்சுல சளி.”

‘அப்படின்னா வேண்டாம்க்கா’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. காத்திருந்தாள்.

“சரி, உள் ரூம்ல கதவச் சாத்தி வெச்சுக்கறேன். சத்தம் வராம பாத்துக்கறேன். நீ ஆக வேண்டியதப் பாரு” என்றாள் தையலக்கா.

வந்தவர்கள் மூன்று பேர். கல்யாணமாகி அதிக நாள் ஆகாத ஒரு ஜோடி, கூடவே பையனின் அப்பா. மருமகளுக்கு வீடு பார்த்த உடனே பிடித்துவிட்டது. திரைச்சீலையைக் கையில் எடுத்துப் பார்த்து, “எங்க தெச்சீங்க?” என்று கேட்டாள். கடையில் வாங்கியது என்றாள் கண்ணாடியம்மா. எதற்கு அந்தப் பொய் என்று அவளுக்கே புரியவில்லை. மாமனார் மட்டும் ஒன்றும் பேசாமல், தர்பூசணி வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு சுவராக விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் தட்டினார். படுக்கையறையில் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சமையலறைப் பக்கம் திரும்பியபோதுதான் இவளுக்கு உறைத்தது.

“அங்க எல்லாம் டைல்ஸ்தாங்க, தட்டிப் பாக்க ஒண்ணுமில்ல…”

“டைல்ஸுக்கு மேல சுவர் இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு அவர் தட்டினார். மூன்று தட்டு.

ஒன்றும் கேட்கவில்லை. மழைச் சத்தம்தான். இவள் மூச்சு விட்டாள். விட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு, தெளிவாக.

“அய்யோ மாமா, யாரோ பதிலுக்குத் தட்றாங்க!” என்று மருமகள் சிரித்தாள். பயப்படவில்லை. முகம் சுளிக்கவில்லை. நன்றாக, வேடிக்கையாகச் சிரித்தாள். “யாருங்க அந்தப் பக்கம்? சின்னப் பாப்பாவா?”

எங்க குயில், என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் சிரிப்பு அதற்கு இடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. புரோக்கர் வாசல் பக்கம் நின்று தொண்டையைச் செருமினார்.

“பைப்புங்க” என்றாள் கண்ணாடியம்மா. “பைப்புல காத்து அடைச்சுக்கும். அந்தச் சத்தம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டும் என்று கை தானாகப் போய்க் குழாயைத் திறந்தது. இந்த வீட்டில் குழாய் திறந்தால் அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்பது, திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் விழுந்ததும் சுவரில் தட்டு விழுந்தது. இப்போது சந்தோஷமாக, அவசர அவசரமாக, மூன்று, மறுபடி மூன்று.

“ஆமா, காத்துதான்” என்று மாமனார் தலையாட்டினார். “தண்ணி போறப்போ இடிக்குது பாத்தியா. சின்ன வேலைதான், சரி பண்ணிக்கலாம்.”

அவள் குழாயை மூடினாள். கரண்டி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சுவர் காத்திருந்தது. அந்தப் பக்கம் குயில் காது வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று இவளுக்குத் தெரியும், எந்த இடத்தில் காது இருக்கிறது என்றுகூடத் தெரியும். பிறகு அந்த ஒலி அடியிலிருந்து எழும்ப ஆரம்பித்தது. ஆரம்பித்து, ஏறுவதற்குள், மூடி போட்டதுபோல நின்றது. மூக்கால் வரும் முனகல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. ஏதோ நாற்காலி சாய்ந்தது.

“காலையில இந்த ஜன்னல் வழியா நல்ல வெயில் வருங்க” என்று கண்ணாடியம்மா உரக்கச் சொன்னாள். “லைட்டே போட வேண்டாம். பாத்திரமெல்லாம் நல்லா காஞ்சுடும்.” வெளியே மழை இருட்டிக்கொண்டு பெய்தது. அவள் வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள், தன் குரல் தனக்கே அருவருக்கும் வரை.

அவர்கள் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கே பேசி முடிக்கலாம் என்றார் மாமனார். புரோக்கர் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, ஆப்பிளை இனி தின்னலாம் என்று சைகை காட்டினார். கணவனுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. போனில் அவன் கத்திய கத்தலில் இவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“என்ன நீ ஒண்ணும் பேச மாட்டேங்கிற? அழுறியா? பைத்தியம், இனிமே சேந்துதானே இருக்கப் போறோம்.”

“வேலை இருக்கு. அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை. தையலக்கா ஒரு கையைச் சமையலறைத் தொட்டிக்குள் நீட்டி, இன்னொரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் நீட்டிய கையைத் துண்டில் சுற்றிக்கொண்டாள். உள் அறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. குயில் சாய்ந்து கிடந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். முகமெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

“புடிச்சுப்போச்சா அவங்களுக்கு?”

“ம்.”

“நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணு நல்ல மாதிரியாத் தெரிஞ்சா. குரல வெச்சுச் சொல்றேன்.” தையலக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. “ஆனா அவங்க குடிவந்தப்புறம் பைப்புல காத்துன்னு எத்தன நாளைக்கும்மா சொல்லிக்கிட்டு இருக்கறது? நாங்களாச்சும் போய் நெசத்தச் சொல்லிக்கறோம்.”

இந்தச் சுவர் இரண்டு பக்கமும் கேட்கும் என்பது ஒன்பது வருடமாகக் கண்ணாடியம்மாவுக்குத் தெரியாததா. மன்னித்துக்கொள் என்று சொல்வதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருந்தது. ஓடிவிட முடிந்தால் போதும் என்றிருந்தது.

குயில் எழுந்து அக்காவிடம் போனாள். சுற்றியிருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். “விடுடி, ஒண்ணுமில்ல, விடு” என்று அக்கா கையை ஒளிக்கப் பார்த்தாள். துண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் பல் பதிந்த தடம் அரைவட்டமாக இருந்தது. இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. குயில் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து, சின்னப் பிள்ளைகளுக்கு அடிபட்டால் ஊதுவார்களே அப்படி ஊதினாள். ஊதும்போது சளியில் மூச்சு கரகரத்தது. அடங்கும் வரை நின்று, மறுபடி ஊதினாள்.

ஊதிக் களைத்ததும், அக்காவின் கையை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணாடியம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீ ஊது என்று தாடையால் காட்டினாள்.

கண்ணாடியம்மா குனிந்தாள். உதடு குவிந்தது. மூச்சு வரவில்லை. குயில் அந்தக் கையை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து, பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.