படலைக்குப் படலை நின்ற பல்லக்கு

முப்பத்துநாலு வயதில், செவ்வாய் தோசத்தையும் இரண்டு முறை தள்ளிப்போன கலியாணத்தையும் தாண்டி, நான் பல்லக்கில் மணவறைக்குப் புறப்பட்டேன். எல்லாம் என் அண்ணை ஜெயரூபனின் வேலை. மணவறை சோடிக்கிறவரிடம் பல்லக்கை வாடகைக்கு எடுத்து, தன்னோடு கோயிலில் தோளில் சாமி காவும் கூட்டாளிகள் மூவரைச் சேர்த்துக்கொண்டான். கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் கூப்பிடு தூரம்தான்.

"காரிலை போ பிள்ளை," என்று அம்மா சொன்னா. ஆசை யாரை விட்டது?

முகூர்த்தம் பத்து இருபத்தைந்தோடு முடிகிறது. அதற்கு முன் மண்டபத்தில் கூறைச் சேலை மாற்றவே அரை மணி வேண்டும். தவறவிட்டால் அடுத்த முகூர்த்தம் தையில்தான். மாப்பிள்ளை கோபிசங்கரோ பத்து நாளில் நோர்வேக்குத் திரும்புகிறார்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். நாதஸ்வரம் தொடங்கியதுதான் தாமதம், நாலு பேரின் தோளும் ஆடத் தொடங்கியது. இரண்டடி முன்னுக்கு, ஓரடி பின்னுக்கு. ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, சாமியைக் காட்டுவதுபோல என்னை அந்த வீட்டுப் பக்கம் திருப்பினார்கள். குணலட்சுமி மாமி வேறு கற்பூரத் தட்டோடு வந்து நின்றா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, நிக்காதேங்கோ!"

"நாங்கள் எங்கை நிக்கிறம்? மேளம் கேட்டா கால் தன்ரை பாட்டிலை நிக்குதடி!"

ஒன்பதே முக்காலாகியும் பாதித் தூரம் போகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவர்கள் என் சொல்லுக்கு நடக்கமாட்டார்கள், மேளத்துக்குத்தான் நடப்பார்கள். திரையை விலக்கி நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டேன்.

"பிரகலாதன் அண்ணை! வேட்டைத் திருவிழாவிலை சாமி ஓடேக்கை வாசிக்கிறதை வாசியுங்கோ!"

அவர் சிரித்தார். வாசித்தார். தவில் இடித்தது. நாலு பேரும் பிடித்தார்களே ஓட்டம்! குலுக்கலில் என் பின்னலில் பூட்டிய சடைநாகம் ஒரு பக்கம் சரிந்தது. ஒரு நாய் படலைக்குள் பாய்ந்தது. "விடாதையடா!" என்று அண்ணை கத்தினான். நான் இரண்டு கையாலும் பல்லக்கைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தை விட்டுச் சிரித்தேன்.

அதே வேகத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தோம். சனம் எழும்பி "அரோகரா!" என்றது. மணவறையில் கோபிசங்கர் கண்ணை மூடிக் கைகூப்பியபடி இருந்தார். பல்லக்கை இறக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னப்பா, நீங்களும் என்னைச் சாமியெண்டு கும்பிடுறியளோ?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"இல்லையப்பா," என்றார். "இந்த முறையும் தள்ளிப்போகக் கூடாதெண்டு பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருந்தனான். கண்ணைத் திறக்க, நீர் நிக்கிறீர்."

அவ்வளவு நேரமும் சிரித்த எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து இருபத்துமூன்றுக்குத் தாலி ஏறியது.